பாடாங்கில் நினைவுக்கல்: வேண்டுமா, வேண்டாமா?

செம்பனைக்காடு:
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற பாடாங்கை, அதாவது திடலை, மஜ்லிஸ் டேரா என்ற மாவட்ட மன்றம் புதுப்பிக்கப் போகிறது, தெரிந்திருக்கும். அதன் ஒரு மூலையில் நினைவுக்கல் வைக்க இடம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரி ரோட்டில் இருந்து பிறகு மூடிப்போன அந்தப் பிள்ளைகள் இல்லம் ஞாபகம் இருக்கும். பெயரை இங்கே யாரும் எழுத வேண்டாம், எது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தோட்டத்து லய வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வந்த குடும்பங்கள், புருஷன் செத்த பிறகு கிடைத்த கூலி வேலைக்குப் போன தாய்மார்கள், இவர்கள்தான் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள், மூன்று வேளை சோறாவது கிடைக்குமே என்று. உள்ளே நடந்ததை அங்கே வளர்ந்தவர்களில் சிலர் இப்போதுதான் வாய் திறந்து சொல்கிறார்கள், நானும் அதில் ஒருத்தன். ரோத்தான் பிரம்படி ஒரு பக்கம். ராத்திரி ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டது இன்னொரு பக்கம், அதை இங்கே விவரிக்க மாட்டேன். ஆதரவு என்றாலும் எதிர்ப்பு என்றாலும் இங்கேயே சொல்லிவிடுங்கள், பின்னால் போய் நம் தொகுதி உறுப்பினர் ஒய்.பி. காதில் ஓத வேண்டாம்.

கோயில் வீதி:
தம்பி, நடந்தது தப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கல் வைத்து என்ன ஆகப்போகிறது? கிரானைட், அடித்தளம், எழுத்து வெட்டுகிற கூலி, திறப்பு விழாவுக்குப் பந்தல், டத்தோவுக்கு மாலை. அந்தக் காசை இப்போது கஷ்டப்படுகிற நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் பீஸ் கட்டினால் புண்ணியம். இன்னொன்றும் யோசிக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒழுங்காக நடக்கிற இல்லங்களும் இருக்கின்றன, தீபாவளிக்கு ஜனங்கள் கொடுக்கிற அரிசியையும் எண்ணெயையும் நம்பித்தான் ஓடுகின்றன. ஊர் நடுவில் இப்படி ஒரு கல் நின்றால் கொடுக்கிற கை பின்வாங்கும். பஸ்ஸுக்கு நிற்கிற மற்ற இனத்து ஆட்கள் படித்துவிட்டு நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நம் பெயர்தான் கெடும்.

தே ஓ கோசோங்:
டத்தோவுக்கு மாலை போடுவதாக மனுவில் எங்கேயும் இல்லையே அண்ணே, நீங்களாகவே சேர்த்துவிட்டீர்கள்.

செம்பனைக்காடு:
அண்ணே, பெயர் கெடுகிற விஷயத்துக்கு முதலில் வருகிறேன். 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் ஒரே நாளில் போலீஸ் நுழைந்து 402 பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தது, நாடே பார்த்தது. அவை தமிழர்கள் நடத்திய இல்லங்கள் இல்லை. நியூசிலாந்தில் அதே வருடம் ஜூலையில் விசாரணை ஆணையம் அறிக்கை வைத்தது: 1950-இலிருந்து 2019 வரை அரசு இல்லங்களிலும் மத இல்லங்களிலும் இருந்தவர்கள் சுமார் 655,000 பேர், அதில் 200,000 பேர் வரை வதைபட்டிருப்பார்கள் என்று கணக்கு. அவர்கள் பிரதமர் நவம்பரில் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். வெளியே சொன்னதால் நியூசிலாந்துக்காரன் பெயர் கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

கொடுக்கிற கை பற்றியும் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் கொடையாளிகள் வருவார்கள். எங்களைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, வரிசையாக உட்கார வைத்துப் புதுச் சட்டை கொடுப்பார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள். கார் கேட்டைத் தாண்டியதும் உறையோடு திரும்ப வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார்கள். உறை கசங்கியிருந்தால் அடி. அந்தக் கொடுத்த கைகளில் ஒன்று, மறு மாதம் சும்மா வந்து “சட்டை அளவு சரியாக இருந்ததா?” என்று ஒரு பிள்ளையைக் கேட்டிருந்தால் போதும். கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்ல இல்லங்களுக்கு நல்லதுதானே.

மூனாம் டிவிஷன்:
நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான். இதுவரை இங்கே சொன்னதில்லை, இப்போதும் யார் என்று கண்டுபிடிக்க முயற்சி பண்ணாதீர்கள். கல் வேண்டாம். அந்த பாடாங்கு நான் மார்க்கெட்டுக்குப் போகிற வழி, என் மகன் பந்து விளையாடுகிற இடம். என் மனைவிக்கு நான் இல்லத்தில் வளர்ந்தது தெரியும், மற்றது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கல் நின்ற மறுநாள் கறிக்கடையில் எவனாவது “நீயும் அங்கேதானே இருந்தே?” என்று கேட்பான். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்க மாட்டான், சும்மா வாய் ஊறிக் கேட்பான். நான் என்ன பதில் சொல்ல? செம்பனை, நீ பேசணும் என்று முடிவு பண்ணிவிட்டாய், உன் இஷ்டம். என்னையும் சேர்த்துக் கல்லில் வெட்ட உனக்கு யார் உரிமை கொடுத்தது?

கோயில் வீதி:
பார்த்தீர்களா, பாதிக்கப்பட்டவர்களே வேண்டாம் என்கிறார்கள். இதோடு விட்டுவிடலாம்.

மூனாம் டிவிஷன்:
ஐயா, என்னை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். நான் வேண்டாம் என்பதற்கும் நீங்கள் வேண்டாம் என்பதற்கும் காரணம் வேறு. நாங்கள் கேட் பக்கம் நின்று அழுதபோது உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியதும் உங்கள் கோயில் கமிட்டி மாதிரி ஒரு கமிட்டிதான்.

சாக்பீஸ் அக்கா:
மூனாம் டிவிஷன் தம்பி சொல்வதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் ஒன்று, கல்லில் பிள்ளைகளின் பெயர் ஒன்று கூட இருக்கவே கூடாது. எத்தனை பேர் என்ற கணக்கும் வேண்டாம், சின்ன ஊரில் கணக்கைப் போட்டாலே பெயரைப் போட்ட மாதிரிதான்.

நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவள். அந்த இல்லத்துப் பிள்ளைகள் வரிசையாக நடந்து வருவார்கள், வெயிலில் கூட நீளக்கை சட்டை. வகுப்பில் தூங்கிவிழுவார்கள், காரணம் விடிகாலையில் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்க அனுப்பியிருப்பார்கள், நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருக்கும். ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். பேசிக்கொள்வதோடு மணி அடித்துவிடும். கடைக்காரருக்குத் தெரியும், மருந்து கட்டிய டிரஸ்ஸருக்குத் தெரியும், பரிசோதனைக்கு வெல்ஃபேர் ஆட்கள் வரும் தேதி இல்லத்துக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். அதனால் கல் வைத்தால் அது அந்தப் பிள்ளைகளைப் பற்றிய கல்லாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. எங்களைப் பற்றிய கல்லாக இருக்கட்டும்.

அயர்லாந்தில் இதைத்தான் செய்யப் பார்த்தார்கள். 1999 மே மாதம் பிரதமர் பெர்ட்டி அஹர்ன் சிறுவயதில் வதைபட்டவர்களிடம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்: தலையிடத் தவறினோம், அவர்கள் வலியைக் கண்டறியத் தவறினோம், காப்பாற்றத் தவறினோம் என்ற கருத்தில். 2009-இல் பிள்ளைகள் இல்லங்களில் நடந்ததை விசாரித்த ரையன் அறிக்கை வெளியானபோது அதன் முதல் பரிந்துரையே நினைவுச்சின்னம்தான், அதில் அந்த மன்னிப்பு வாசகத்தையே பொறிக்க வேண்டும் என்றது. வாசகத்தைக் கவனியுங்கள், “பாவம் இந்தப் பிள்ளைகள்” என்று ஒரு வரி இல்லை. தவறியது யார் என்று மட்டும் சொல்கிறது.

கோயில் வீதி:
டீச்சரம்மா, அயர்லாந்துக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். டப்ளினில் அந்தச் சின்னத்துக்கு அனுமதி மறுத்தார்களே? கூகுள் எனக்கும் தெரியும்.

சாக்பீஸ் அக்கா:
சொல்கிறேனே. 1966-இல் திறந்த ஒரு பூங்கா இருக்கிறது, சுதந்திரப் போராட்டத்தில் உயிர்விட்டவர்களுக்காக. அதன் பக்கத்தில் கட்டத் திட்டம் போட்டார்கள். மாநகர மன்றம் சரி என்றது, மேல்முறையீட்டில் 2013 கடைசியில் திட்ட வாரியம் மறுத்துவிட்டது, பழைய பூங்காவின் தன்மையும் பயன்பாடும் கெடும் என்று. தியாகிகள் பக்கத்தில் இந்த அசிங்கம் எதற்கு என்ற நினைப்பு உள்ளே இருந்ததா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குத் தெரிவது, இடத்தை எளிதாகக் கொடுக்க மாட்டார்கள், அதனால் மனுவில் ஒரே இடத்தை மட்டும் கேட்காதீர்கள்.

வக்கீல் குமாஸ்தா:
சட்டப் பக்கம் கொஞ்சம். குற்றம் செய்தவர் பெயரையோ இல்லத்தின் பெயரையோ தீர்ப்பு இல்லாமல் கல்லில் வெட்டினால் அவதூறு வழக்கு நிச்சயம் வரும், வெட்டச் சொன்னவர் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும். ஆனால் போலீஸ் ரிப்போர்ட்டுக்குக் காலம் கடந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மலேசியாவில் குற்றவியல் வழக்குக்குக் காலவரம்பு கிடையாது. நஷ்டஈடு கேட்கிற சிவில் வழக்குதான் பொதுவாக 6 வருடம், சின்னப் பிள்ளையாக இருந்தவருக்கு 18 வயதிலிருந்து எண்ணுவார்கள், அது பெரும்பாலும் ஓடிப்போயிருக்கும். 2001 சிறுவர் சட்டப்படி வழக்கில் சிக்கிய பிள்ளையை அடையாளம் காட்டி எதையும் வெளியிடக் கூடாது. அப்புறம் டீச்சர் சொன்ன ஆசிரியர் அறைப் பேச்சு, அது இன்றைக்கு நடந்தால் கதை வேறு. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இல் வந்தது, தெரிந்தும் புகார் செய்யாமல் இருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். இப்போது ஒரு பிள்ளை மேல் சந்தேகம் என்றால் 15999 உதவி எண்ணுக்குப் போன் அடியுங்கள், கல் விஷயம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தே ஓ கோசோங்:
கல்லே வேண்டாம் என்றால் ரிப்பன் கட்டலாமே? ஆஸ்திரேலியாவில் பல்லாரட் என்ற ஊரில் 2015-இல் பழைய பள்ளிக்கூட வேலியில் கலர் கலராக ரிப்பன் கட்டினார்கள், பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை விசாரித்த ஆணையம் அந்த ஊருக்கு வந்த நேரம். பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. சில தேவாலயத்துக்காரர்கள் அவிழ்த்துப் போட்டார்கள், ஜனங்கள் மறுபடி போய்க் கட்டினார்கள். காசும் இல்லை, மஜ்லிஸ் டேரா அனுமதியும் தேவையில்லை. யார் கட்டினது என்றும் தெரியாது, மூனாம் டிவிஷன் அண்ணன் கூட ராத்திரி போய் ஒன்று கட்டலாம், கேட்டால் நேர்த்திக்கடன் என்று சொல்லிவிடலாம்.

மூனாம் டிவிஷன்:
தம்பி, நீ நல்ல மனசில்தான் சொல்கிறாய். பழைய கட்டடத்து வேலியில் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பக்கம் போகிறவன் போவான், போகாதவன் போக மாட்டான்.

செம்பனைக்காடு:
எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. அந்த ரோட்டில் இப்போது லாரி பட்டறையைத் தவிர ஒன்றும் கிடையாது. யாரும் போகாத இடத்தில் வைத்தால் அன்றைக்கு ஊர் செய்ததையே மறுபடி செய்கிற மாதிரி. கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைப் பிடித்துப்போய் அடைத்த விடுதிப் பள்ளிகள் பற்றி 2015-இல் ஆணையம் சொன்னபோது, ஒவ்வொரு மாநிலத் தலைநகரிலும் ஜனங்கள் வந்துபோகிற, கண்ணில் நன்றாகப் படுகிற இடத்தில் சின்னம் வை என்றுதான் கேட்டது. சுமார் 150,000 பிள்ளைகள் போன பள்ளிகள் அவை. நம் ஆட்களுக்கு ஒதுக்குப்புறம் எப்போதுமே சுலபம். ஜப்பான்காரன் போட வைத்த சயாம் மரண ரயில் பாதை 1943-இல் முடிந்தது, அங்கே செத்த தோட்டத் தமிழர்களை நாம் பொதுவில் நினைக்கவே எத்தனை வருடம் ஆனது?

ஆனால் மூனாம் டிவிஷன் கேட்ட கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உன்னை வெட்டிப் போட எனக்கு உரிமை இல்லை, சரி. பேசாமலே செத்துப்போன இரண்டு பேரை நான் எரிக்கப் போயிருக்கிறேன், அவர்கள் சார்பில் வாயை மூடவும் எனக்கு உரிமை இல்லை.

சாக்பீஸ் அக்கா:
ஆஸ்திரேலிய ஆணையம் 8,000 பேருக்கு மேல் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டது, கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் கதை மற்றவருக்குத் தெரியாமல். கான்பெராவில் தேசிய நினைவுச்சின்னம் வேண்டும், வடிவமைப்பில் பாதிக்கப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற பரிந்துரை அதற்கெல்லாம் பிறகு 2017 டிசம்பரில்தான் வந்தது. நீங்கள் இரண்டு மூன்று பேர் மனுவை எழுதிவிட்டுப் பிறகு மற்றவர்களைக் கேட்கிறீர்கள். மனுவை நிறுத்தி வையுங்கள். முதலில் அந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் கூடுங்கள், நான் வர மாட்டேன், என்னைப் போன்றவர்கள் யாரும் வரக் கூடாது. வாசகம், இடம், கல்லா ரிப்பனா, எல்லாம் அங்கே பேசுங்கள். வர முடியாதவர் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பட்டும்.

கோயில் வீதி:
கூட்டத்துக்குக் கோயில் டேவானை, அந்த மண்டபத்தை, இலவசமாகத் தருகிறோம். ஆனால் “இந்த ஊர் அறிந்தும் பேசாமல் இருந்தது” என்ற மாதிரி வரி வந்தால் கமிட்டி கையெழுத்துப் போடாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். “வாடிய பிள்ளைகள் நினைவாக” என்று பொதுவாகப் போடுங்கள், செலவில் பாதியைக் கூட நாங்கள் ஏற்கிறோம்.

செம்பனைக்காடு:
அந்த வரி இல்லாமல் கல் எனக்கு வேண்டாம் அண்ணே, பாதிச் செலவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், டியூஷன் பீஸுக்கு ஆகும். மனுவை நிறுத்தி வைக்கிறேன். மூனாம் டிவிஷன், நீ வருகிறாயா?

மூனாம் டிவிஷன்:
கோயில் டேவானில் என்றால் வர மாட்டேன். இந்த ஊரிலேயே வேண்டாம். ஈப்போவில் எங்காவது வை, ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை விஷயமாக வருகிற மாதிரி இருக்கட்டும். வந்தாலும் கல்லுக்கு எதிராகத்தான் பேசுவேன்.