சொந்தக் கதையை விரித்து எழுதினால் அது புதுப் படைப்பா?

நண்பர்களே, ஒரு குழப்பம். வழி சொல்லுங்கள்.

2021-ல் ஒரு பக்கக் கதை ஒன்றை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (நிபந்தனைகளோடு யாரும் பகிரலாம் என்று முன்கூட்டியே தரும் பொது அனுமதி) வெளியிட்டேன். அதையே இப்போது 12 பக்கமாக விரித்திருக்கிறேன். பாட்டி ஊசியில் நூல் கோக்கும் முதல் பத்தி மட்டும் ஒரு சொல் மாறாமல் அப்படியே இருக்கிறது. அதில் கைவைக்க மனசு வரவில்லை. இதை அனுப்ப நினைக்கும் கதைப் போட்டியிலோ 'எங்கும் வெளிவராத படைப்பு' என்று உறுதிமொழி கேட்கிறார்கள்.

பதிப்புரிமை என்னுடையதுதான். ஆனால் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. தவிர, உரிமை வேறு, முன்பே வெளிவந்ததா என்பது வேறு, இல்லையா? ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளும் எழுதியவர் யார் என்று பார்க்காது, ஒத்த வரிகளைத்தான் காட்டும்.

விவரம் சொல்லி நடுவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாமா, அந்தப் பத்தியையே எடுத்துவிடவா? இப்படி அனுப்பிய அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.