‘புரிதல்’ போதாது, ‘பொருளுணர்தல்’ வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நம் நூலின் பொருள்கோளியல் (பிரதிகளுக்குப் பொருள் காண்பதை ஆராயும் துறை) அத்தியாயத்தில், ஜெர்மன் தத்துவஞானி டில்த்தாயின் ‘ஃபெர்ஷ்டேஹன்’ (ஒன்றன் பொருளை உள்ளிருந்து அறிதல்) என்ற ஜெர்மன் சொல்லுக்குத் தமிழில் ‘புரிதல்’ என்று வைத்துவிடலாம் எனச் சென்னை நண்பர் முன்மொழிந்தார். சிலர் வழிமொழிந்தும் விட்டீர்கள். முடிவாகும் முன் கொழும்பிலிருந்து என் மறுப்பையும் கேளுங்கள்.

இயற்கையை விளக்குகிறோம், மனவாழ்வையோ புரிந்துகொள்கிறோம் என்று 1894ஆம் ஆண்டுக் கட்டுரையில் டில்த்தாய் பிரித்தார். மழை பெய்வதற்குக் காரணம் காட்டலாம். ஓர் ஒப்பாரிக்குக் காரணம் காட்டிவிட்டால் வேலை முடியாது. அழுகிறவள் சொல்வதன் உள்ளே போக வேண்டும். இந்தப் பிரிவைத் தாங்கும் சொல்தான் நமக்குத் தேவை.

இலங்கைப் பேச்சில் ‘விளங்குகிறதா?’ என்றுதான் கேட்போம். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் விளங்குதலும் விளக்குதலும் ஒரே வேர். டில்த்தாய் எதிரெதிரே நிறுத்திய இரண்டும் தமிழில் தன்வினையும் பிறவினையுமாக ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, இங்கே நீதிமன்றத் தமிழில் வழக்கு விசாரணையே ‘விளக்கம்’. சந்தேகநபர் ‘விளக்கமறியலில்’ (நீதிமன்றக் காவலில்) வைக்கப்பட்ட செய்தி இல்லாமல் கொழும்புப் பத்திரிகை வெளிவருவதில்லை. ‘கிரகித்தல்’ பரீட்சை வினாத்தாளுக்குச் சொந்தம். பந்தியை வாசித்து விடை எழுதுவதற்கு அது போதும், அங்கேயே இருக்கட்டும்.

புரிதலுக்கு வருகிறேன். பழந்தமிழில் புரிதல் என்றால் செய்தல், விரும்புதல். ‘பொருள்சேர் புகழ்புரிந்தார்’ என்ற குறளடியை இன்றைய பொருளில் படித்தால் மாணவர் இடறி விழுவார். 2002 போர்நிறுத்த உடன்படிக்கையைப் ‘புரிந்துணர்வு உடன்படிக்கை’ என்றே இங்கு பலரும் சொன்னார்கள். இரு தரப்பின் இணக்கம் என்ற அந்தப் பொருளில் புரிந்துணர்வு நன்றாக நிலைத்துவிட்டது. அதைக் குலைக்க வேண்டாம்.

உண்மையில் இணக்கம் என்ற பொருளும் முன்பு உணர்தலுக்கே இருந்தது. ‘ஊடல் உணர்தல் புணர்தல்’ என்னும் குறளில் உணர்தல் என்பது ஊடல் தணிந்து ஒருவரையொருவர் ஏற்பது. தொல்காப்பிய உரியியலோ ‘உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே’ என்கிறது: பொருள் விளங்கும் வழி, உணர்கிறவரின் ஆற்றலைப் பொறுத்தது. வாசகன் தன் முன்னறிவோடுதான் பிரதிக்குள் நுழைகிறான் என்று 1960இல் ஜெர்மன் தத்துவஞானி காடமர் வாதிட்டதை இந்த நூற்பாவின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் இந்த விவாதத்துக்குத் தமிழ் புதிய மொழி அன்று என்பது தெரியும்.

இன்று உணர்ச்சி என்றால் கோபமும் அழுகையும்தானே என்று பேராசிரியர் ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வெறும் ‘உணர்தல்’ என்று விட்டால், டில்த்தாய் பிறர் மனநிலைக்குள் புகுவதைத்தான் சொன்னார் என்ற பழைய குறைகூறலுக்கு நாமே வழிவிடுவோம். அதனால்தான் ‘பொருள்’ முன்னே நிற்க வேண்டும்: பொருளுணர்தல். நான் புதிதாகக் கட்டிய தொடர் அல்ல. ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ என்று சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் வைத்தது. கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் அதை மனப்பாடமாகச் சொல்லும் சிறுபிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்டு இருக்கிறது, அதற்குப் பொருள் இருக்கிறது, அதை உணர்கிறவர் இருக்கிறார். பொருளுணர்தலுக்கு வேண்டிய இந்த மூன்றும் அந்த அடியில் உண்டு. பொருள்கோளியல் என்ற துறைப்பெயரோடும் இயல்பாகச் சேரும்.

இதோடு குழம்பக்கூடிய இன்னொரு ஜெர்மன் சொல், தத்துவஞானி கான்ட்டின் ‘ஃபெர்ஷ்டாண்ட்’ (அறியும் திறன்). அது ஓர் ஆற்றலின் பெயர், செயலின் பெயரல்ல. அதற்கு ‘மதி’ என்று வைப்போம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. தவறாக உணர்வதே இயல்பாக நேர்வது என்றார் பொருள்கோளியலின் முன்னோடியான ஷ்லையர்மாகர். அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘பொருளல்லவற்றைப் பொருளென்று உணரும் மருள்’ என வள்ளுவர் சொன்ன ‘மருள்’ ஆழமானது, ஆனால் அது பிறவிக்கே காரணமாகும் மயக்கம். ஒரு வரியைப் பிழையாக வாசித்ததற்கு அது பெரிய சொல். ‘பிறழுணர்வு’ எப்படி? மாற்றுச் சொல் இருந்தால் வாதத்தோடு எழுதுங்கள்.