தை, மாசியில் வீட்டுப் பாடத்தை என்ன செய்கிறீர்கள்?

வாய்க்கால்மேடு (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம்ங்க. ஈரோட்டுக்கும் கொடுமுடிக்கும் நடுவில், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோட்டம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. இரண்டு வருடமாக வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறோம். மகள் போய்க்கொண்டிருந்த பள்ளிக்கூடத்து வேன் காலை ஏழு மணிக்கு வரும், திரும்பி வர சாயங்காலம் ஐந்தரை ஆகிவிடும், வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல்கூட தூங்கிப்போவாள். அதைப் பார்க்க முடியாமல்தான் நிறுத்தினோம். நான் பி.எஸ்சி. கணக்கு படித்தவள், அரசுப் பாடப்புத்தகத்தையே வைத்து நடத்துகிறேன். காலையில் இரண்டு மணி நேரம், பொழுதோட ஒரு மணி நேரம். பெரும்பாலான மாதங்களில் இது நன்றாகவே போகிறது.

தை பிறந்தால் எல்லாம் குலைந்துவிடுகிறது. போகியன்று வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ கொண்டுவந்து எரவாரத்தில் காப்புக் கட்டுவதில் ஆரம்பித்து, பொங்கல், பட்டிப் பொங்கல், பூப்பறிக்கிற நோம்பி என்று நாலு நாள். அது முடிந்த கையோடு மஞ்சள் வெட்டு. ஆள் கிடைக்கிற அன்றைக்குத்தான் வெட்ட முடியும், பாய்லர் வருகிற அன்றைக்குத்தான் வேக வைக்க முடியும். அப்புறம் களத்தில் காயப்போட்டுக் கிண்டிவிட வேண்டும், நடுவில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க வேண்டும், ஒரம்பரை (உறவினர்) வந்துகொண்டே இருப்பார்கள். மாசி முடிந்து நோட்டைத் திறந்தால் பத்துப் பக்கம் நகர்ந்திருக்காது.

மாமியார், "வெள்ளாமை வீட்டுக்கு வர்ற நேரத்துல என்ன புஸ்தகம், பங்குனியில பாத்துக்கலாம்" என்கிறார். வீட்டுக்காரர், என்ன வேலை இருந்தாலும் இரண்டு மணி நேரம் தவறக் கூடாது என்கிறார். மகளுக்குக் களத்தை விட்டு நகர மனம் வருவதில்லை. போன வருடம் அவளை உள்ளே உட்கார வைத்துப் பின்னம் சொல்லிக் கொடுத்தேன். முக்கால் பெரிதா, மூன்றில் இரண்டு பெரிதா என்று கேட்டால், ஜன்னலைப் பார்த்தபடியே "அம்மா, பாய்லர்ல அடுத்தது எறக்கிட்டாங்க" என்கிறாள்.

அந்தந்த மாதத்து வேலையையே பாடமாக்கலாம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். உண்மையிலேயே அப்படிச் செய்கிறவர்கள் என்ன செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். "எல்லாமே கல்விதான்" என்று பொதுவாகச் சொன்னால் எனக்கு உதவாதுங்க. நாளைக்குச் சான்றிதழ், பரீட்சை என்று வந்தால் என்ன வழி என்பதும் தெரிய வேண்டும்.

தூரிக்கயிறு:

நாங்கள் கோபி பக்கம். எனக்கும் இரண்டு பேர், பெரியவனுக்கு 13. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே என் வீட்டு நான்கு வருடத்துக்கு முந்தைய தை மாதம்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். புத்தகத்தை மூடிவிடுவோம், படிப்பை நிறுத்துவதில்லை. காலை ஆறிலிருந்து ஏழு வரை, ஆட்கள் வருவதற்கு முன்னால், அரை மணி நேரம் சத்தமாக வாசிப்பு, அரை மணி நேரம் எழுத்து. நோம்பி நாள் தவிர மற்ற எல்லா நாளும் இது உண்டு. மீதிப் பொழுது களத்தில்தான், ஆனால் களத்தில் அவர்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கும்.

முதல் வருடம் செய்ததைச் சொல்கிறேன். வெட்டிய அன்றைக்கே பச்சை மஞ்சளில் சரியாக 10 கிலோ நிறுத்து, கோணிப்பையில் சிவப்புக் கயிறு கட்டித் தனியாக வேக வைக்கச் சொன்னோம். ஈர்க்குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பதம் பார்ப்பார்கள் அல்லவா, அதைப் பையன் தள்ளி நின்று பார்த்து நேரத்தைக் குறித்தான். (பாய்லர் பக்கமும் கொதிநீர்ப் பக்கமும் பிள்ளைகளை விடவே விடாதீர்கள், தரையில் கோடு போட்டு இதற்கு மேல் வரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.) காயக் காய தினமும் அதே நேரத்தில் அந்தப் பத்துக் கிலோவை மட்டும் எடை போட்டு எழுதினான். கடைசியில் எவ்வளவு இருக்கும் என்று முதல் நாளே வீட்டில் எல்லோரையும் கேட்டு எழுதி வைத்திருந்தான். நான் ஏழு என்றேன், அவன் எட்டு என்றான், அப்பாரு (தாத்தா) மட்டும் "ரெண்டு" என்றார். பதினாலாம் நாள் 2 கிலோ 100 கிராம். மீதி எங்கே போனது என்று அவன் கேட்ட கேள்வியில்தான் எங்கள் வீட்டில் அறிவியல் தொடங்கியது. அந்த எடைகளைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்தான், சதவீதம் தானாக வந்தது. விரலி (விரல் மாதிரி இருக்கும் மஞ்சள்) வேறு, உருண்டையான தாய்க் கிழங்கு வேறு என்று பிரித்து எது சீக்கிரம் காய்கிறது என்று அடுத்த வருடம் பார்த்தான்.

அதே மாதிரி ஆடி 18-க்குத் தூரி (ஊஞ்சல்). வேம்பில் தூரி கட்டும்போது பக்கத்திலேயே ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். கயிறு 1 மீட்டர் இருந்தால் பத்து முறை போய்வர 20 நொடி. 4 மீட்டர் ஆக்கினால் எவ்வளவு என்று கேட்டேன், 80 என்றான். எண்ணிப் பார்த்தால் 40. நம்பவே இல்லை, மூன்று தடவை எண்ணினான். கல்லைப் பெரிதாக்கிப் பார்த்தான், அப்போதும் அதே 40. பதினோராம் வகுப்பில் நான் மனப்பாடம் செய்த சூத்திரத்தை அவன் பத்து வயதில் கையால் எண்ணிக் கண்டுபிடித்தான்.

மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் போன வருடத்து எடை, அதற்கு முந்தைய வருடத்து விலை எல்லாம் இருக்கும். மகளை அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதச் சொல்லுங்கள், அதுவே தமிழ்ப் பாடம்.

கொறங்காடு:

எல்லோருக்கும் வாய்க்கால் இல்லைங்க. நாங்கள் வெள்ளகோவில் பக்கம், மானாவாரி. கிளுவை வேலி போட்ட கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), உள்ளே கொழுக்கட்டைப் புல், வெள்வேலா மரம், செம்மறி, இரண்டு காங்கயம் மாடு. எங்களுக்கு மழைதான் பாடம்.

அடி முதல் வாய் வரை ஒரே அகலமாக உள்ள பாட்டிலைத் திறந்த வெளியில் நேராக நிறுத்தி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டியிருக்கிறோம். மழை பெய்த மறுநாள் காலை எட்டரைக்கு மகள் அளந்து காலண்டரில் எழுதுவாள். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 4,047 லிட்டர் தண்ணீர். போன ஐப்பசியில் 3 மில்லிமீட்டர் தூறல் போட்டது, "இது என்ன மழை" என்று நான் சலித்துக்கொண்டேன். அவள் கணக்குப் போட்டுவிட்டு, "அப்பா, நாம காசு கொடுத்து வாங்குற 12,000 லிட்டர் லாரித் தண்ணி, ஏக்கருக்கு ஒரு லாரி ஊத்தியிருக்குது" என்றாள். அன்றிலிருந்து தூறலை நான் சலித்துக்கொள்வதில்லை.

அப்புறம் ஆட்டு நோட்டு. கிடாய் சேர்ந்த தேதியை எழுதி, 150 நாள் கூட்டி, குட்டி போடும் தேதியைக் கண்டுபிடிக்க வேண்டும். மாதத்துக்கு 30, 31, பிப்ரவரி 28 என்பது புத்தகத்தில் ஏறவில்லை, இந்த நோட்டில்தான் ஏறியது.

மார்கழியில் வேலை குறைவு. வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போவோம். 2022-இல் அதை உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் பார்க்கலாம், விடியற்காலையில் போக வேண்டும். திரும்பும்போது சென்னிமலை வழியாக நொய்யல் கரையில் கொடுமணல். மண்ணைத் தோண்டி மணி செய்த பட்டறையையும் இரும்பு உருக்கிய உலையையும் கண்டுபிடித்த இடம். பார்ப்பதற்கு வெறும் காடு மாதிரிதான் இருக்கும், ஆனால் நம் ஊருக்குப் பக்கத்தில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்தவர்கள் கல்லில் துளை போட்டு மணி கோத்தார்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

ஓய்வு ஆசிரியை:

மேலே இருவர் எழுதியதும் நன்றாக இருக்கிறது. 31 வருடம் அரசுப் பள்ளியில் இருந்தவள் என்பதால் சில விஷயங்களைக் கண்டிப்பாகவே சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

எடை போடுவதும் எண்ணுவதும் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடும். எழுத்து வராது. கண்ணால் பார்த்ததை ஐந்து வாக்கியத்தில் பிழையில்லாமல் எழுதுவது தினமும் பழகினால்தான் வரும். ஆகவே அந்தக் காலை ஒரு மணி நேரத்தை எதற்காகவும் விட்டுவிடாதீர்கள் அம்மா. மகனுக்கு 6 வயது, அவனுக்கு இந்த வருடம் வாசிப்பு பிடிபட்டாக வேண்டும், அவன் விஷயத்தில் பங்குனிக்குத் தள்ளிப்போடவே கூடாது.

சான்றிதழ் பற்றிக் கேட்டீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை எந்தக் குழந்தையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் பள்ளிக்குப் போகவில்லை என்பதற்காகக் கீழ் வகுப்பில் போட முடியாது. வெளியிலிருந்தே எழுதுவதென்றால், எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு 12½ வயது முடிந்திருக்க வேண்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், தமிழிலும் எழுதலாம்.

ஆனால் முடிவெடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் 2020-இல் வந்தது, அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. பெண் குழந்தைக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. வீட்டில் படித்த பிள்ளைக்கு இவை கிடைக்காது. ஆடு மாட்டோடு வளர்ந்த உங்கள் மகள் நாளைக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால்? அவளுக்கு 9 வயது, ஆறாம் வகுப்புக்கு இரண்டு வருடம் இருக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒருமுறை போய்த் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். சைக்கிளில் போகிற தூரம்தான் என்றால் வேன் பிரச்சினையும் இல்லை.

பொறுக்குமஞ்சள்:

இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன், யாரையும் குறை சொல்ல அல்ல.

என் அம்மா மஞ்சள் வெட்டுக்குக் கூலிக்குப் போவார். தை, மாசியில் நானும் பின்னாலேயே போவேன். வெட்டிப் போட்ட காட்டில் மண்ணுக்குள் தங்கிப்போன விரலியைப் பொறுக்கிக் கூடையில் போடுவது என் வேலை. மம்முட்டி படாத இடத்தில் விரலை விட்டுத் துழாவினால் தட்டுப்படும், மண்ணோடு ஒரு வாசம் வரும், நகம் ஒரு மாசம் மஞ்சளாகவே இருக்கும். ஐந்தாம் வகுப்பில் அப்படி ஆறு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது பின்னம் நடத்தி முடித்திருந்தார்கள். அதற்கப்புறம் எனக்குக் கணக்கு வரவே இல்லை, ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். தராசு முள்ளைப் பார்த்து அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதுதான் பின்னம் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்கா, உங்கள் தோட்டத்துக்கு வருகிற ஆட்களோடு பிள்ளைகள் வருவார்கள். சனி, ஞாயிறில் நிச்சயம் வருவார்கள். உங்கள் மகள் எடை போட்டு எழுதும்போது அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும்.

வாய்க்கால்மேடு:

எல்லோருக்கும் நன்றிங்க. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், வெட்டு நடந்துகொண்டிருந்தது.

காலை ஆறு மணி வாசிப்பு தொடங்கிவிட்டது. இரண்டு நாள் தவறியது, ஐந்து நாள் நடந்தது. பத்துக் கிலோ மஞ்சளைத் தனியாகக் கட்டி வேக வைத்தோம், மாமியார்தான் சிவப்புச் சேலைத் துணியைக் கிழித்து அடையாளம் கட்டினார். கடைசியில் எவ்வளவு நிற்கும் என்று கேட்டதற்கு அவரும் "ரெண்டு, ரெண்டேகால்" என்றுதான் சொன்னார். டீச்சரம்மா, பள்ளிக்கும் போய் வந்தோம். ஒன்றரைக் கிலோமீட்டர்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு அங்கே சேர்ப்பது பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம், மகளும் மரத்தடியில் விளையாடிய பிள்ளைகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொறுக்குமஞ்சள் தம்பி, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமை ஆட்களோடு இரண்டு பெண் பிள்ளைகள் வந்தார்கள், ஒருத்தி ஐந்தாம் வகுப்பு. மூன்று பேரையும் களத்து ஓரத்தில் உட்கார வைத்து, மறுபடியும் அதே முக்கால், மூன்றில் இரண்டு கணக்கைத்தான் கேட்டேன். என் மகள் விழித்தாள். அந்தப் பெண் எழுந்து போய்ப் பன்னிரண்டு விரலி பொறுக்கி வந்து வரிசையாக வைத்தாள். நாலு கூறாகப் பிரித்து மூன்று கூற்றை எண்ணினாள், ஒன்பது. கலைத்து மூன்று கூறாகப் பிரித்து இரண்டை எண்ணினாள், எட்டு. "முக்கால்தான் ஒண்ணு சாஸ்தி" என்று சொல்லிவிட்டு விரலிகளைத் திரும்பக் களத்திலேயே போட்டுவிட்டாள். என் மகள் உடனே இருபத்து நாலு பொறுக்கப் போய்விட்டாள். அவர்களுக்கும் நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன், வருகிற சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காய்ச்சலில் ஐந்தாம் நாள். பத்துக் கிலோ, 5 கிலோ 300-க்கு வந்திருக்கிறது.