ரொட்டியில் படம் வரைவது: பசியாறும் நேரத்தில் இது தேவையா?

செந்தூல் டீச்சர் | வியாழன், இரவு 9:10

கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு பாலர் பள்ளியில 9 வருசமா இருக்கேன். என் வகுப்புல 4, 5 வயசுப் பிள்ளைங்க 14 பேர். மாசத்துக்கு ரெண்டு வெள்ளிக்கிழமை, காலை 10 மணிப் பசியாறலைப் பிள்ளைங்களே அலங்கரிச்சுச் சாப்பிடுற மாதிரி வச்சிருக்கேன். போன வாரம் ரொட்டியில பால் ஓவியம். மூணு கிண்ணத்துல கொஞ்சம் கொஞ்சம் பால். ஒண்ணுல பீட்ரூட் சாறு, ஒண்ணுல பாண்டான் இலைச் (வாசனைக்குப் போடுற பச்சை இலை) சாறு, ஒண்ணுல ஒரு சிட்டிகை மஞ்சத்தூள். சாப்பாட்டுக்குன்னே தனியா வச்சிருக்கிற பிரஷ். வரைஞ்சு முடிச்சதும் ரொட்டியை வாட்டிக் குடுத்தோம். ஒரு துண்டு மிஞ்சல.

மறுநாள் ஒரு அம்மா வாட்ஸ்அப்ல, "சாப்பாட்டை வச்சு விளையாடவா பிள்ளைய அனுப்புறோம்?"னு கேட்டாங்க. நான் இன்னும் பதில் போடல. நீங்க சொல்லுங்க.

தோட்டத்துக்காரர் | வியாழன், இரவு 9:48

டீச்சர், நான் அந்த அம்மா பக்கம். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். என் அப்பா ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர். தட்டில் பருக்கை கிடந்தால் எழுந்திருக்க விடமாட்டார்.

பேத்தி படிக்கும் இடத்தில் போன மாதம் அரிசிக்குச் சாயம் போட்டு, தட்டில் பரப்பி, விரலால் எழுதச் சொன்னார்கள். நான் அழைத்துவரப் போனபோது அந்த அரிசியைக் கருப்புப் பையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊதா, பச்சை, சிவப்பு, எல்லாம் கலந்து. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சோற்றைச் சிந்தாதே என்று வீட்டில் சொல்லிக்கொடுக்கிறோம். பள்ளியில் அள்ளிக் கொட்டச் சொல்கிறார்கள். பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்?

ஆயர் ஈத்தாம் அம்மா | வியாழன், இரவு 10:05

ஐயா, நீங்க பார்த்தது வேற, டீச்சர் செய்யுறது வேற. சாயம் போட்ட அரிசி யார் வயித்துக்கும் போகல. டீச்சர் வகுப்பு ரொட்டி அத்தனையும் பிள்ளைங்க வயித்துக்குள்ள போயிருக்கு.

என் மகன் கதையைச் சொல்றேன். 4 வயசு வரைக்கும் வெள்ளையா இருக்கிறதை மட்டும்தான் தொடுவான். சோறு, தயிர், முட்டையில வெள்ளை. பச்சையா ஏதாவது தட்டுல பட்டா தட்டையே தள்ளிடுவான். எங்க பக்கத்துல காலையில புட்டு மாயம் (இடியாப்பம்) வரும்ல, அதுல ஒண்ணை எடுத்துத் தட்டுல வச்சு, "இது தாத்தாவோட தலைமுடி, முகம் நீ வை"ன்னு சொன்னேன். வெள்ளரிக்காய் ரெண்டு கண்ணு, கேரட் சீவல் வாய். முதல் தடவை முகத்தை வச்சான், முடியை மட்டும் தின்னான். ரெண்டாவது தடவையும் அப்படித்தான். வெள்ளரிக்காயை விரல் நுனியால நகத்திட்டே இருப்பான். வாயில வைக்க மாட்டான், ஆனா முன்ன மாதிரி பயந்து கையை இழுக்கல. நாலாவது வாரம் ஒரு கண்ணை எடுத்து நக்கிப் பார்த்தான். "தாத்தாவுக்கு ஒரு கண்ணு போச்சும்மா"ன்னு சொல்லிட்டு மென்னான். அன்னைக்கு நான் அடுப்படியில போய் அழுதேன். இதை விளையாட்டுன்னு தள்ளிடாதீங்க.

பிரிக்பீல்ட்ஸ் அப்பா | வியாழன், இரவு 10:31

எனக்கு வீணாப்போறது மட்டும் பிரச்சினை இல்ல. என்ன சாயம் ஊத்துறாங்கங்கிறதுதான். என் மகன் முன்ன போன இடத்துல "உணவு ஓவியம்"னா கிரீம் பிஸ்கட்டு, பாட்டில் சாயம், வண்ணச் சீனி உருண்டை. நாக்கு நீலமா வீட்டுக்கு வருவான்.

2007ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துல 3 வயசுப் பிள்ளைங்களையும் 8, 9 வயசுப் பிள்ளைங்களையும் வச்சு ஆய்வு செஞ்சாங்க. செயற்கைச் சாயமும், கெட்டுப்போகாம இருக்கப் போடுற சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குடிச்சவங்ககிட்ட துறுதுறுப்பு கூடினதா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2010லேர்ந்து டார்ட்ராசின், சன்செட் எல்லோ, அல்லூரா ரெட் உட்பட 6 சாயத்துக்கு லேபிள்ல எச்சரிக்கை போடணும்னு சொல்லிருச்சு. இங்க பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் செயற்கைச் சாயத்தைப் பத்திப் பல வருசமாப் பேசிட்டு வருது. பாட்டில்ல 102, 110, 129னு இருந்தா இதுங்கதான்.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த இடத்துல கரடி முகத்தைப் பாதிக்கு மேல டீச்சரே செஞ்சு முடிப்பாங்க, போட்டோவுல அழகா வரணும்னு. என் மகன் காதை ஒட்டிட்டு உட்கார்ந்திருப்பான். அது அவன் வரைஞ்சதா?

செந்தூல் டீச்சர் | வெள்ளி, காலை 6:20

அண்ணே, கடைசியா சொன்னது உண்மை, நானும் செஞ்சிருக்கேன். முதல் ரெண்டு வருசம் மாதிரித் தட்டு ஒண்ணு செஞ்சு முன்னால வச்சு, "இதே மாதிரி"ன்னு சொல்வேன். 14 தட்டும் ஒரே மாதிரி இருக்கும். இப்ப மாதிரித் தட்டு வைக்கிறது இல்ல.

சாயம் கடையில வாங்குறதே இல்ல. நீலத்துக்குச் சங்குப்பூ. பினாங்குல நியோன்யா (சீன, மலாய் சமையல் கலந்தது) பலகாரம் பூலுட் தாய் தாய்ல வர்ற அதே நீலம். பச்சைக் காம்பைக் கிள்ளிட்டு வெந்நீர்ல போட்டா நீலம் இறங்கும். அதுல லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) ஒரு சொட்டு விட்டா ஊதாவாகும். அந்த நொடி 14 பிள்ளைங்களும் மூச்சை அடக்கிட்டுப் பார்ப்பாங்க. "மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா ஆரத்தி ஏன் சிவக்குது"ன்னு ஒரு பிள்ளை கேட்டுச்சு. அதுவும் இதே கதைதான், எலுமிச்சைப் புளிப்புக்கும் சுண்ணாம்புக் காரத்துக்கும் நிறம் மாறுது. (மஞ்சள் கறை பட்ட சட்டையைச் சோப்பு போட்டு வெயில்ல காயப்போடுங்க, வெளுத்திரும். இதைக் கேட்டு எத்தனையோ அம்மாக்கள் எழுதுறாங்க.)

தாதி ஜெலுத்தோங் | வெள்ளி, காலை 7:02

நான் தாதி. கலையைப் பற்றி இரண்டாவதாகப் பேசுவோம், முதலில் தொண்டை. கண்ணுக்குத் திராட்சையை முழுசாக வைக்காதீர்கள். வழவழப்பான உருண்டை சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும். நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள், குறுக்கே வெட்டினால் உருண்டைதான் மிஞ்சும். முழுக் கச்சான் (நிலக்கடலை), முழுப் பாதாம், பாப்கார்ன், மார்ஷ்மெலோ வேண்டாம். பச்சைக் கேரட்டைத் துண்டாக வைக்காமல் மெல்லிசாகச் சீவிக் கொடுங்கள், ஆயர் ஈத்தாம் அக்கா செய்தது சரி. பிள்ளைகள் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். யாருக்கு முட்டை, பால், கச்சான் ஒவ்வாது என்பது டீச்சர் கையில் எழுத்தில் இருக்கட்டும்.

தோட்டத்துக்காரர் | வெள்ளி, காலை 8:15

ஆயர் ஈத்தாம் தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பிள்ளை தின்ன மாட்டேன் என்றதைத் தின்னவைக்கிற வேலை நல்ல வேலை. அதை மறுக்கவில்லை.

ஆனால் நேற்று மகள் சொன்னாள், "கோலமும் அரிசி மாவுதானேப்பா" என்று. அம்மா வாசலில் போட்ட கோலத்தை எறும்பும் அணிலும் தின்றன. ஒரு உயிருக்காவது போய்ச் சேர்ந்தது. கருப்புப் பையில் போன அரிசி யாருக்குப் போனது? டீச்சர், பிள்ளை பாதி தின்றுவிட்டு வைத்தால் என்ன செய்கிறீர்கள்? கிண்ணத்தில் மிஞ்சுகிற பால் எங்கே போகிறது? அதைச் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அப்பா | வெள்ளி, காலை 8:40

ஐயா கேட்டது நியாயம். நானும் ஒண்ணு சொல்றேன். வீட்டுல நாங்க தோசை மாவைக் கிச்சாப் (சோயா சாஸ்) பாட்டில்ல ஊத்திக் கல்லுல எழுதுறோம். அடுப்புப் பக்கம் நான்தான் நிப்பேன், மகன் நாற்காலியில நின்னு சொல்லிக்குடுப்பான். முதல்ல எழுத்துக் கோடு மட்டும், அது சிவந்து வந்ததும் சுத்தி மாவு. திருப்பிப் போட்டா கோடு கருஞ்சிவப்பாத் தனியாத் தெரியும். முதல் தடவை "அ" திரும்பி வந்துச்சு. அவன் முழிச்சான். அப்புறம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி எழுதணும்னு அவனே கண்டுபிடிச்சான். காலையில எப்பவும் 2 தோசைதான், அந்த ரெண்டும் எழுத்தாப் போச்சு. கூடுதலா மாவு செலவாகல.

செந்தூல் டீச்சர் | வெள்ளி, பகல் 1:30

தாதியக்கா, ஒவ்வாமைப் பட்டியல் இதுவரைக்கும் என் தலையிலதான் இருந்துச்சு. இன்னைக்கே எழுதிச் சமையலறைக் கதவுல ஒட்டிட்டேன்.

ஐயா, உள்ளதைச் சொல்றேன். பால் அரைக் கப்பு போல மிஞ்சுது, பல பிரஷ் தொட்டதால கொட்டிட்டேன். போன வாரம் மட்டும் இல்ல, எப்பவும் அப்படித்தான். இன்னைக்கு மாத்தினேன். நாலு பேருக்கு ஒரு கிண்ணம், ஒரு கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. பத்தலன்னா வந்து கேட்கணும். ஒரு பிள்ளை ரொட்டி ஓரத்துல மிஞ்சின பாலையும் தொட்டுச் சாப்பிட்டுட்டு, கிண்ணத்தைக் கவுத்துக் காட்டுச்சு. ரெண்டு பேர் பாதி ரொட்டி வச்சாங்க. டப்பாவுல போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். அந்த அம்மாவுக்கும் இதையே பதிலா எழுதி அனுப்பிட்டேன், அடுத்த வெள்ளி 10 மணிக்கு வந்து பக்கத்துல உட்காரச் சொல்லி.

தோட்டத்துக்காரர் | வெள்ளி, பகல் 2:05

சரி டீச்சர். சாயம் போட்ட அரிசியைப் பற்றி என் பேத்தியின் பள்ளிக்கு நானே திங்கட்கிழமை போய்ப் பேசுகிறேன். அந்த விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.