பாலத்தின் நடுவில் முடிந்துபோகும் லைசென்ஸ்: பக்கத்து மாநிலத்தில் கைத்துப்பாக்கி பெர்மிட் வாங்கிய அனுபவங்கள்

பென்சாலம், பென்சில்வேனியா

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் நியூ ஜெர்சியின் பர்லிங்டன் கவுன்டியில் ஒரு சின்னக் கடை நடத்துகிறோம். பால், பிரெட், காபி, லாட்டரிச் சீட்டு, அவ்வளவுதான். வீடு டெலவேர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பென்சில்வேனியாவில். இரவு பதினொரு மணிக்குக் கடையை அடைத்து, வசூல் பையோடு டகோனி-பால்மைரா பாலம் வழியாகத் திரும்பி வருவது பெரும்பாலும் நான்தான். அவருக்குக் காலை நாலரை மணிக்குக் கடை திறக்கும் வேலை.

2022 குளிர்காலத்தில் ஒரு நாள் இரவு. கடை வாசலில் ஒரு கார், விளக்கை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. நான் ஷட்டரை இறக்கியதும் இரண்டு பேர் இறங்கினார்கள். நல்லவேளையாக எதிரில் பனி வாரும் லாரி ஒன்று வந்து நின்றது. அவர்கள் மறுபடி ஏறிப் போய்விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லைதான். ஆனால் அன்றைக்குச் சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க முடியாமல் கை நடுங்கியதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச்செல்லப் பென்சில்வேனியா லைசென்ஸ் வாங்குவது சுலபம். கவுன்டி ஷெரிஃபிடம் விண்ணப்பம், 20 டாலர் கட்டணம். 45 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கிடைத்தால் 5 வருஷம் செல்லும். பயிற்சி கட்டாயமில்லை. நானாகப் போய்க் கற்றுக்கொண்டேன், அது வேறு விஷயம்.

ஆனால் அந்த அட்டை பாலத்தின் நடுவோடு சரி. நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் லைசென்ஸையும் ஏற்பதில்லை. இதைத் தெரியாமல் போனவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஷனீன் ஆலனின் கதை போதும். ஃபிலடெல்ஃபியாக்காரர், இரண்டு குழந்தைகளின் தாய். தன்னிடம் பணம் பறிக்கப்பட்ட பிறகு முறைப்படி லைசென்ஸ் வாங்கியவர். 2013 அக்டோபரில் அட்லான்டிக் கவுன்டியில் போலீஸ் வண்டியை நிறுத்தியபோது, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது" என்று அவராகவேதான் சொன்னார். அங்கேயே கைது. அந்த மாநிலத்தின் கிரேவ்ஸ் சட்டப்படி குறைந்தது மூன்றரை வருஷம் சிறை என்ற நிலை. நாடு முழுக்கப் பேச்சாகி, 2014-ல் வழக்கு சிறையில்லாத பாதைக்கு மாறி, 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்தார். மறைத்தவர் இல்லை, உண்மையைச் சொன்னவர். அதனால்தான் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

எங்கள் நிலைமையில் ஒரு விசித்திரம் உண்டு. சொந்தக் கடைக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ள நியூ ஜெர்சியில் கேரி பெர்மிட், அதாவது வெளியில் எடுத்துச்செல்லும் அனுமதி, தேவையில்லை. தோட்டா எடுத்து, பெட்டியில் பூட்டி, டிக்கியில் வைத்து வீட்டிலிருந்து கடைக்குக் கொண்டுபோகலாம். கடை வாசற்படியைத் தாண்டி இடுப்பில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தால்தான் குற்றம். எனக்குப் பயமோ அந்த முப்பது அடிதான்.

2022 ஜூனுக்கு முன் என் மாதிரி ஆளுக்கு வழியே இல்லை. "நியாயமான தேவை" என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். உயிருக்குக் குறிப்பான மிரட்டல் இருப்பதைக் காட்ட வேண்டும். பணப்பையோடு இரவில் வருகிறேன் என்பதெல்லாம் எடுபடாது. நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் புரூயன் தீர்ப்பைச் சொன்ன பிறகு அந்த நிபந்தனை போயிற்று. அதே வருஷம் டிசம்பரில் நியூ ஜெர்சியின் அப்போதைய ஆளுநர் மர்ஃபி புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேவையைக் கேட்பது நின்றது. கட்டணம், பயிற்சி, போகக்கூடாத இடங்கள் எல்லாம் கூடின.

நான் 2023-ல் விண்ணப்பித்தேன். அந்த மாநிலத்துக்காரர்கள் தங்கள் ஊர்க் காவல்துறையிடம் கொடுப்பார்கள்; நம்மைப் போன்ற வெளிமாநிலத்தார் மாநிலக் காவல்துறையிடம் கொடுக்க வேண்டும். 200 டாலர். கைரேகை. மனநல மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கச் சம்மதக் கையெழுத்து. இதெல்லாம் வரிசையில் நின்றால் முடிகிற வேலை.

முடியாமல் இழுத்தது நாலு பேர் கையெழுத்து. மூன்று வருஷமாவது நம்மைத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், சொந்தக்காரர்களாக இருக்கக்கூடாது. நம் ஆட்களிடம் போய்த் துப்பாக்கிக்கு நற்சான்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். "உனக்கெதுக்குடி இதெல்லாம்? கடையை வித்துட்டு வேற பாரு" என்றாள் ஒரு தோழி. என்னை மகள் மாதிரி நடத்தும் ஒரு மாமி காபி கொடுத்து உட்காரவைத்து, "நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா அதுல என் கையெழுத்தும் இருக்குமேம்மா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை. துப்பாக்கி வாங்குகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கேட்க வேண்டிய சொல் அது. கடைசியில் கையெழுத்துப் போட்டவர்கள்: பக்கத்து சலூன்காரர், எங்கள் கணக்கர், பிள்ளையின் பழைய டீச்சர், இருபது வருஷமாகக் காபி வாங்கும் ஓய்வுபெற்ற தபால்காரர்.

அடுத்தது சுடும் தேர்வு. சான்று பெற்ற பயிற்சியாளர் முன்னால் 50 தோட்டா. 80 சதவீதம், அதாவது 40 குறிக்குள் விழ வேண்டும். முதல் தடவை 37-தான் எனக்கு. மூச்சை அடக்கிக்கொண்டு விசையை இழுத்துவிட்டேன். இரண்டு வாரம் தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்து வீட்டில் விசை இழுக்கும் பழக்கம் மட்டும் செய்தேன். இரண்டாம் தடவை 46.

அந்த வகுப்பில் சுடுவதைவிடச் சட்டம் எனக்கு முக்கியமாகப் பட்டது. பென்சில்வேனியாவில், எதிரில் இருப்பவன் ஆயுதத்தைக் காட்டி மிரட்டினால் பின்வாங்காமல் நின்று தற்காக்க 2011 சட்டம் இடம் கொடுக்கிறது. நியூ ஜெர்சியில் வீட்டுக்கு வெளியே, முழுப் பாதுகாப்போடு விலகிப் போக முடியுமானால் விலகித்தான் போக வேண்டும். அதே நான், அதே துப்பாக்கி. பாலத்தைத் தாண்டினால் கடமை மாறுகிறது. இதை மனசில் ஏற்றாதவர் பெர்மிட் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

விண்ணப்பித்த மூன்றாம் மாதக் கடைசியில் பெர்மிட் வந்தது. 2 வருஷம் செல்லும்.

வந்த பிறகுதான் பாடம் ஆரம்பித்தது. நியூ ஜெர்சியில் மேகசினில், அதாவது துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில், 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. என் கிளாக் 19 கைத்துப்பாக்கியோடு கூடவே வந்ததோ 15 தோட்டா மேகசின். நுனியில் குழி உள்ள தோட்டாவைப் பெர்மிட் இருந்தாலும் அங்கே இடுப்பில் வைத்துக்கொள்ளக்கூடாது. குழியைப் பாலிமரால் அடைத்த வகையை அனுமதிக்கிறார்கள். ஆகவே என்னிடம் மேகசினும் தோட்டாவும் இரண்டு ஜோடி. நியூ ஜெர்சிக்கானதன் அடியில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லெவிக் தெரு வழியாகப் பாலத்துக்கு வந்தால், கப்பல் போவதற்காகப் பாலத்தைத் திறந்திருந்தார்கள். பதினைந்து நிமிடம் வண்டிகள் நின்றன. சும்மா உட்கார்ந்திருந்தபோது, காலையில் மேகசின் மாற்றினேனா என்று ஒரு கேள்வி. ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மாற்றவில்லை. முந்தின நாள் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வேலையாகப் போனபோது போட்ட 15 தோட்டா மேகசின், அதுவும் குழித்தோட்டா, அப்படியே இடுப்பில் இருந்தது. அந்தக் கப்பல் வராவிட்டால் இந்நேரம் அக்கரையில் இருந்திருப்பேன். மெதுவாக வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து கார் சாவியும் மஞ்சள் நாடா மேகசினும் ஒரே கிண்ணத்தில்தான்.

ஒரு தடவை ரூட் 73-ல் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தினார்கள். நியூ ஜெர்சியில் நாமே உடனே சொல்லி, பெர்மிட்டைக் காட்ட வேண்டும், பென்சில்வேனியாவில் கேட்டால்தான். இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்தபடி சொன்னேன். ஷனீன் ஆலன் சொன்ன அதே வாக்கியம்தான். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அந்த அதிகாரி அட்டையைப் பார்த்து, நன்றி சொல்லி, விளக்கை மாற்றச் சொல்லி அனுப்பினார்.

---

அலன்டவுன் பக்கம், பென்சில்வேனியா

அக்கா, டிக்கியில் பூட்டிக் கொண்டுபோவதைப் பற்றிச் சொன்னீர்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

1986 கூட்டரசுச் சட்டப்படி, கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை இருந்தால், இடையில் உள்ள மாநிலத்தைத் தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாதபடி பூட்டிக் கடக்கலாம். இதை நம்பி 2005-ல் யூட்டாவைச் சேர்ந்த கிரெக் ரெவெல் என்பவர் விமானத்தில் வந்தார். சேர வேண்டிய இடம் எங்கள் அலன்டவுன். நியூவார்க்கில் இணைப்பு விமானம் தவறியது. பெட்டியை எடுத்துக்கொண்டு ஓட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் வழக்கம்போல் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னதும் கைது. குற்றச்சாட்டு பின்னால் கைவிடப்பட்டது. ஆனால் அவர் தொடுத்த வழக்கில், இரவு பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் அந்தச் சட்டம் காக்காது என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்கு நியூ ஜெர்சி பெர்மிட் இல்லை. அதனால் துப்பாக்கியோடு நியூவார்க் வழியாகப் பறப்பதே இல்லை. டிக்கெட் விலை கூடினாலும் ஃபிலடெல்ஃபியாதான்.

---

ஃபேர்ஃபேக்ஸ், வர்ஜீனியா

எங்களுக்கு ஆறு போடோமாக், அக்கரை மேரிலேண்ட். வர்ஜீனியா லைசென்ஸ் கையில் இருந்தும் மேரிலேண்டில் செல்லாது. அவர்களும் யாருடையதையும் ஏற்பதில்லை. அவர்களுடைய பெர்மிட்டுக்கு 16 மணி நேர வகுப்பு, நான் இரண்டு சனிக்கிழமையில் முடித்தேன். 25 தோட்டா சுட்டு 70 சதவீதம். அக்கா எழுதியதைப் பார்த்தால் எங்கள் சுடும் தேர்வு எளிது, வகுப்புதான் நீளம். கட்டணம் 125 டாலர்.

ஒரு எச்சரிக்கை. வாஷிங்டனைச் சுற்றிப் போகும் பெல்ட்வே நெடுஞ்சாலையில் உட்ரோ வில்சன் பாலம் வழியாகப் போனால் நடுவில் சில நூறு அடி வாஷிங்டன் டி.சி. எல்லைக்குள் வரும். இரண்டு மாநில அட்டையும் இருந்தாலும் அந்தத் துண்டுக்கு மூன்றாவது சட்டம். நான் சுற்றினாலும் அமெரிக்கன் லீஜியன் பாலம் வழியாகவே போகிறேன்.

---

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

இங்கே 2017-லிருந்து லைசென்ஸே வேண்டாம். பத்து நிமிடம் தெற்கே ஓட்டினால் மாசசூசெட்ஸ். அங்கே லைசென்ஸ் இல்லாமல் மாட்டினால் குறைந்தது 18 மாதம். வெளிமாநிலத்தாருக்கான பெர்மிட் 100 டாலர், ஒரே வருஷம்தான் செல்லும். வருஷா வருஷம் கட்டுகிறேன்.

2025 மார்ச் 11-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புச் சொன்னது. இரண்டிலும் நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள். அதிகாரி விரும்பினால் கொடுக்கலாம் என்றிருந்த பழைய விதியின் கீழ் மாட்டிய டானல் தப்பினார். தகுதி இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்று மாறிய விதியின் கீழ் மாட்டிய மார்க்விஸ் மேல் வழக்கு தொடரலாம் என்றார்கள். "டானல் ஜெயிச்சாச்சு, இனி அட்டை வேண்டாம்" என்று எங்கள் ஊரில் இரண்டு பேர் என்னிடமே சொன்னார்கள். தயவுசெய்து இரண்டு தீர்ப்பையும் படியுங்கள்.

---

எடிசன், நியூ ஜெர்சி

அக்கா, நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். எனக்கும் இரவு ஷிஃப்ட். நானும் விண்ணப்பிக்கலாமா? அதற்கு முன் நண்பரோடு சுடும் ரேஞ்சுக்குப் போய்ப் பழகலாம் என்று நினைக்கிறேன்.

---

பென்சாலம், பென்சில்வேனியா

தம்பி, வேண்டாம்ப்பா. ரேஞ்சுக்கும் போகாதே. எச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதே. நண்பருடைய துப்பாக்கியை அஞ்சு நிமிஷம் கையில் வாங்கினாலும் வைத்திருந்ததாகத்தான் கணக்கு; விசாவே போய்விடும். கிரீன் கார்டு வந்த பிறகு இந்தத் தடை இல்லை, அப்போது பார்க்கலாம். இப்போதைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்தே காருக்கு நட.

இன்னொருவர் தனியாகக் கேட்டிருந்தார், இதுவரை துப்பாக்கியை எடுக்க வேண்டி வந்ததா என்று. இல்லை. ஒருமுறைகூட உறையிலிருந்து எடுத்ததில்லை. வாசலில் இரண்டு பெரிய விளக்குப் போட்டிருக்கிறோம், வெள்ளி சனி இரவுகளில் கணவரும் தூக்கத்தை விட்டு வருகிறார். நியூ ஜெர்சியில் மது பரிமாறும் உணவகத்துக்குள் துப்பாக்கியோடு போகக்கூடாது என்பதால், கடை அடைத்ததும் வழியில் சாப்பிடும் பழக்கத்தை விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்துதான் சாப்பாடு.

பெர்மிட் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. சலூன்காரர் கடையை விற்றுவிட்டு ஃப்ளோரிடா போய்விட்டார். நாலாவது கையெழுத்துக்கு ஆள் தேட வேண்டும். மாமியிடம் இந்த முறையும் கேட்கமாட்டேன்.