சீனக் குடியேறிகளைப் பற்றிய பழைய அமெரிக்கக் கேலிச்சித்திரங்கள்: பெரிதாக அச்சிடுவது எப்படி?

சேலம் மாணவி:
சேலத்தில் கல்லூரிக் கண்காட்சிக்கு இரண்டு படங்கள் வைக்கிறோம். ஒன்று தாமஸ் நாஸ்ட் வரைந்த ‘சீனப் பிரச்சினை’ (ஹார்பர்ஸ் வீக்லி வார இதழ், 18 பிப்ரவரி 1871). மற்றது ஜார்ஜ் கெல்லரின் ‘நம் துறைமுகத்துக்கு ஒரு சிலை’ (வாஸ்ப் இதழ், நவம்பர் 1881). நாஸ்ட் படம் இணையத்தில் வண்ணத்திலும் கிடைக்கிறது. எது அசல்? 2 அடி அகலத்துக்குப் பெரிதாக்கினால் கோடுகள் உடையுமா?

அச்சுக்கூடம்:
கறுப்பு வெள்ளைதான் அசல்; வண்ணம் பின்னால் கையால் பூசியது. ஹார்பர்ஸ் படங்களை பாக்ஸ்வுட் என்ற கடின மரக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்கினார்கள். அந்த மரம் பருக்காது என்பதால் பல துண்டுகளை போல்ட் போட்டு இணைப்பார்கள். இணைப்பில் சன்னமான வெள்ளைக் கோடு விழும். அதைக் கிழிசல் என்று நினைத்து ஃபோட்டோஷாப்பில் அழித்துவிடாதீர்கள், மரச்செதுக்குக்கு அதுதான் சாட்சி. வாஸ்ப் படம் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து தாளில் பதிப்பது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்; கல் இம்மி நகர்ந்தாலும் விளிம்பில் நிறம் பிதுங்கும்.

ஹார்பர்ஸ் பக்கம் சுமார் 11 அங்குல அகலம். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் என்றால் 6600 பிக்சல், 22 அங்குலத்தில் 300 டிபிஐ நிற்கும். 1000 பிக்சல் படத்தை அதே அளவுக்கு இழுத்தால் வெறும் 45. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்தில் டிஃப் கோப்பு தேடுங்கள். ஜேபெக் கோட்டோரங்களைக் கலங்கடிக்கும். ஐந்து ரோடு பக்கம் ஃப்ளெக்ஸ் மலிவுதான், ஆனால் நெருக்கமான கோடுகள் அதில் சாம்பல் திட்டாகிவிடும். மேட் தாளில் போடுங்கள்.

ஏற்காடு வாசகர்:
விளக்கம் எழுதும்போது நாஸ்ட் நல்லவர், கெல்லர் கெட்டவர் என்று முடித்துவிடாதீர்கள் அம்மா. கெல்லர் படம் அப்பட்டமான வெறுப்பு: சிலையாக நிற்கும் சீனரின் கையில் அபின் குழாய், காலடியில் மண்டையோடு. நாஸ்ட் படத்தில் அமெரிக்காவை உருவகிக்கும் பெண்ணான கொலம்பியா, சீனரைத் தாக்க வந்த கும்பலைத் தடுத்து நிற்கிறாள், சீனரோ தலை சாய்த்து உட்கார்ந்தே இருக்கிறார். அவருக்கு அங்கே குரலே இல்லை. நாஸ்ட் தன் படங்களில் ஐரிஷ்காரர்களுக்குக் குரங்கு முகம் வரைந்தவர் என்பதையும் சேருங்கள்.

சீனரின் தலைப் பின்னலைத் தனியாக விளக்குங்கள். அது அன்று சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு விதித்த கட்டாயம். சான்பிரான்சிஸ்கோவில் 1876 நகர விதிப்படி கைதிகளின் முடியை ஓர் அங்குலத்துக்கு வெட்டினார்கள். 1879இல் ஹோ ஆ கோ என்ற சீனர் தொடுத்த வழக்கில் அது செல்லாது என்று தீர்ப்பானது.

அச்சுக்கூடம்:
ஒன்று விட்டுப்போனது. நாஸ்ட் படத்தின் பின்சுவர் முழுக்க சீனரைத் திட்டும் சுவரொட்டிகள். மொழிபெயர்த்து ஒட்டும்போது ‘கும்பலின் வாசகம்’ என்று மேலே எழுதுங்கள், இல்லாவிட்டால் நாஸ்டின் கருத்து என்றே படிப்பார்கள். கெல்லர் படத்தடியில் இரண்டு தேதி போதும்: சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்த அமெரிக்கச் சட்டம் 1882 மே 6, ரத்தானது 1943.