மறு: வௌவால்களும் ‘வாழிடப் பகிர்வும்’ – வேறு சொல் தேடி

> ஒரே காட்டில் பல வௌவால் இனங்கள் மோதிக்கொள்ளாமல் வாழ்வதை, அதாவது ஆங்கிலத்தில் niche partitioning என்பதை, ‘வாழிடப் பகிர்வு’ என்று எழுதிவிட்டுப் போகலாமே?

போகலாம் ஐயா, பொருள்தான் கவிழ்ந்துவிடும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவைப் பாருங்கள். சுமார் 15 சதுர கிலோமீட்டருக்குள் 70க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள். வாழிடம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. வேறுபடுவது சாப்பாடும் அதைத் தேடும் விதமும். ஒன்று தவளை கத்துவதைக் கேட்டே அதைப் பிடிக்கும். இன்னொன்று கால் நகத்தால் மீனை வாரும்.

பழந்தின்னிகளுக்குள் பிரிவு இன்னும் நுணுக்கம். கரோலியா என்ற வௌவாலுக்கு மிளகுப் பேரினப் புதர்கள். நிமிர்ந்து நிற்கும் பழக்கதிரைப் பறந்தபடியே பறித்து, பக்கத்தில் எங்காவது தொங்கிக்கொண்டு, சோளக்கதிர் கடிப்பதுபோல் கடித்து முடித்துவிடும். ஒரு புதரில் ஓரிரவுக்குச் சில கதிர்தான் பழுக்கும், ஆனால் நாள்கணக்கில் தொடர்ந்து கிடைக்கும். அத்தி அப்படியல்ல, மரம் முழுக்க ஒரேயடியாகப் பழுத்துச் சில நாளில் தீர்ந்துவிடும். அடுத்த மரம் எங்கே என்று அத்தி தின்னும் ஆர்ட்டிபியஸ் வௌவால் அலைய வேண்டும். கிடைத்த பழத்தை வேறு மரத்துக்குத் தூக்கிப்போய், சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும். ஸ்டர்னிரா வௌவாலுக்குச் சுண்டைக்காயின் உறவுக்காரப் பழங்கள். (நம் வற்றல்குழம்புச் சுண்டைக்கே பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான்.)

ஆகவே ‘இரைப் பங்கீடு’ போதாது. தேடும் முறை, உயரம், நேரம் எல்லாம் வெளியே நிற்கும். ‘பாகப்பிரிவினை’ என்றால் யாரோ பத்திரம் எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். இங்கே வேலி கிடையாது. செக்ரோப்பியா மரம் பழுத்தால் கரோலியாவும் வரும், ஆர்ட்டிபியஸும் வரும். ‘வாழ்வழிப் பங்கீடு’ என்று வைக்கலாமென்றால், ‘வாழ்வழி’யை ‘வாழ்வு அழி’ என்று பிரித்துப் படிக்க ஒருவர் போதும்!

என் பரிந்துரை: பிழைப்புப் பங்கீடு. ஓர் உயிரினம் எதைத் தின்று, எப்போது, எப்படிக் காலம் தள்ளுகிறது என்பதெல்லாம் ‘பிழைப்பு’க்குள் அடங்கும். பிழைப்பு அகலம் (niche breadth), பிழைப்பு மேற்பொருந்தல் (niche overlap) என்று கிளைச்சொற்களும் வரும்.

----

> என் பரிந்துரை: பிழைப்புப் பங்கீடு.

‘பங்கீடு’ சரி. ‘பிழைப்பு’தான் இடிக்கிறது. ‘தக்கன பிழைத்தல்’ என்று ஏற்கெனவே படித்த மாணவர் இதையும் உயிர்தப்புதல் என்றே எடுத்துக்கொள்வார். ‘வாழ்முறைப் பங்கீடு’ என்று வையுங்களேன்?

----

அது பிழைத்தல், இது பிழைப்பு. ‘பிழைப்புக்கு என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால் யாரும் உயிர்தப்பிய கதை சொல்வதில்லை. ஆனாலும் பாடநூலுக்கு ‘வாழ்முறை’ இருக்கட்டும், எனக்குத் தடையில்லை. கட்டுரையில் நான் ‘பிழைப்பு’ என்றே எழுதப்போகிறேன்.